இரு நாடுகளின் பிள்ளை: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கலாயோகியின் முழுப்பெயர் ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி. இங்கிலாந்தின் கென்ற் பகுதி தாயாருடையது. குமாரசுவாமி என்பது தந்தைவழிப் பெயர். பெயரிலேயே இரு நாடுகளும் இருந்தன.

தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, பரிஸ்டர், சட்டநிரூபண சபை உறுப்பினர். தாயார் எலிசபெத் பீபி. 1877 ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் மகன் பிறந்தான். மறு ஆண்டு தாயார் குழந்தையுடன் இங்கிலாந்து சென்றார். பின்னால் செல்லவிருந்த தந்தையார் 1879 மே மாதத்தில் கொழும்பில் காலமானார். குழந்தைக்கு இரண்டு வயதும் நிறையவில்லை. தந்தையின் முகமோ மொழியோ மனத்தில் தங்காத பருவம் அது.

இங்கிலாந்திலேயே வளர்ந்தவர், இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் பணிப்பாளரானார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளின் கண்டுபிடிப்பில் அவருக்கும் பங்குண்டு. கல்லைத் தேடிக் கிராமங்களுக்குப் போனவர், அங்கே தச்சரையும் கொல்லரையும் குயவரையும் கண்டார். அவர்களது கைவினை நலிந்து வருவதையும் கண்டார். சமூக சீர்திருத்தச் சங்கம் அமைத்து, மேனாட்டாரைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம் என்றார். நமது உடையையும் மொழியையும் நமக்கு நினைவூட்ட ஓர் ஆங்கிலத் தாயின் மகன் வரவேண்டியிருந்தது!

1908இல் அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் வெளிவந்தது. தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கைவினைஞரைப் பற்றி எழுதிய அந்நூல், இங்கிலாந்தில் கையச்சில் 425 பிரதிகளாக அச்சேறியது. 1917 முதல் 1947இல் மறையும்வரை பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். நடராஜர் வடிவத்தின் பொருளை மேனாட்டாருக்கு விளக்கிய கட்டுரையும் அவருடையதே.

இன்று எங்கெங்கோ வாழும் நம் பழைய மாணவியர் பலரின் வீடுகளிலும் இரு இனத்துப் பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களை அரைத் தமிழர் என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவராகிய நாம் ஒன்று சொல்லலாம்: பரிசோதனை இரத்தத்தின் வகையைக் காட்டும், ஒருவர் யாரென்று காட்டாது. குமாரசுவாமி தந்தையின் நாட்டைப் பிறப்பால் மட்டும் பெறவில்லை. நடந்து, பார்த்து, கற்றுப் பெற்றார். தாயின் நாட்டையும் விட்டுவிடவில்லை. அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால், அவர்களும் தம் வழியைக் கண்டுகொள்வார்கள்.