ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

நீலகிரியில் உதகைக்குத் தென்மேற்கே அவலாஞ்சி என்னும் மலைப்புறம் உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பெரியதொரு மண்சரிவினால் அவ்விடம் இப்பெயர் பெற்றதென்பர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்ததும் இங்கேயே. அந்நீர் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தினின்றும் இறங்கிக் குந்தா ஆற்றின் வழியே பவானியிற் கலந்து, மேட்டுப்பாளையத்தருகே சமவெளியை அடைகின்றது. பாறைதோறும் மோதி நுரைத்து வீழ்ந்த நீரின் வேகம் அடிவாரத்தில் அடங்கிவிடுகின்றது. அவ்வேகம் எங்கே போயிற்று? இவ்வினாவிற்கு அளந்து விடை கண்டவர் ஜூல் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், மாஞ்செஸ்டரை அடுத்த சால்போர்டில், பீர் வடிக்கும் ஆலையொன்றின் உரிமையாளர்க்கு மகனாய்ப் பிறந்தார். இளமையில் உடல்நலம் குன்றியிருந்தமையால் வீட்டிலேயே கல்வி பயின்றார். பின்னர் அணுக்கொள்கை கண்ட ஜான் டால்டனிடம் சிலகாலம் கணிதம் கற்றார். சர்வகலாசாலை வாயிலை இவர் மாணவராய் மிதித்ததில்லை. ஆயினும் ஆலைத்தொழில் உஷ்ணமானியை நுட்பமாய் நோக்கும் பழக்கத்தை இவர்க்குத் தந்தது. அப்பழக்கம் எப்பட்டத்திற்கும் குறைந்ததன்று.

நீராவி யந்திரத்திற்குப் பதிலாக மின்சார யந்திரம் வைத்தால் ஆலைக்குச் செலவு குறையுமா என்பதே இவர் முதலில் ஆராய்ந்த பொருள். மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தின் விலை நிலக்கரியின் விலையினும் மிக்கதெனக் கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். எனினும் அம்முயற்சியிடையே, கம்பியில் ஓடும் மின்சாரம் வெப்பத்தைப் பிறப்பிக்கும் விதியைக் கண்டறிந்தார். வெப்பம் அழியாத ஒரு பண்டம் என்று பலரும் நம்பிய காலம் அது. இயக்கமே வெப்பமாய் மாறுகின்றது என்று இவர் 1843இல் கார்க் நகரத்து விஞ்ஞானக் கூட்டத்தில் உரைத்தபோது செவிசாய்த்தார் இலர். படைத்தவன் அளித்த சக்திகள் அழிந்தொழியா என்பது இவரது உறுதி. ஆனால் உறுதி மட்டும் போதாது, எண் வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

அதற்கென இவர் அமைத்த கருவி எளியது. நீர் நிறைந்த பாத்திரத்தில் துடுப்புச்சக்கரம் ஒன்று; அதனைச் சுழற்றக் கயிற்றில் தொங்கும் எடைகள். எடைகள் 63 அங்குலம் இறங்கும். மீண்டும் ஏற்றி இறக்கப்படும். இவ்வாறு இருபது முறை செய்தும் நீரின் வெப்பநிலை உயர்ந்தது பாரன்ஹீட் அளவில் அரைப் பாகையளவே. இத்துணைச் சிறு மாறுதலை ஒருவர் அளந்தார் என்பதைப் பலர் நம்பாததில் வியப்பில்லை. 1847இல் ஆக்ஸ்போர்டில் பேச எழுந்தபோதும் சுருக்கமாக முடிக்குமாறு தலைவர் பணித்தார். வில்லியம் தாம்ஸன் என்னும் இளைஞர் ஒருவர் அவையிலிருந்து ஐயங்களை எழுப்பியிராவிடின் அவ்வுரையும் மறைந்திருக்கும். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட அவரும் இவரும் நெடுநாள் சேர்ந்து ஆராய்ந்தனர்.

1849இல் பாரடேயின் வாயிலாக ராயல் சங்கத்திற்குச் சென்ற கட்டுரையில், ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பம், அந்நீர் 772 அடி வீழ்வதற்குச் சமம் என்று முடித்தார். உராய்வு என்பது இயக்கம் வெப்பமாய் மாறுவதே என்ற வாக்கியத்தை மட்டும் பரிசீலித்த குழுவினர் விருப்பப்படி நீக்க நேர்ந்தது! மறு ஆண்டே அச்சங்கம் இவரை உறுப்பினராக்கிற்று.

இக்கணக்கை நம் மலைக்கும் இட்டுப் பார்க்கலாம். 427 மீட்டர் வீழ்ச்சிக்கு ஒரு சென்டிகிரேடு பாகை. ஆகவே அவலாஞ்சியினின்று சமவெளிவரை வேகமெல்லாம் நீரிலேயே வெப்பமானால் ஏறத்தாழ நான்கு பாகை உயரும். வெயிலும் காற்றும் குறுக்கிடுதலால் பவானியிற் கைவைத்து இதனை அறிதல் இயலாது. அன்றியும், 1960இல் இயங்கத் தொடங்கிய குந்தா மின்திட்டம் அவ்வேகத்தின் பெரும்பகுதியை மின்சாரமாய் மாற்றிக்கொள்கின்றது. அந்த அளவிற்கு நீர் சூடேறுவதும் குறையும்.

மனைவி அமீலியா 1854இல் மறைந்தபின் ஜூல் தனித்தே வாழ்ந்தார். ஆலை கைம்மாறியது, ஆராய்ச்சி நிற்கவில்லை. 1878இல் அதே அளவை மீண்டும் எடுத்து, 772.55 எனத் திருத்தினார். 1889 அக்டோபர் 11ஆம் நாள் ஸேல் என்னும் ஊரில் காலமானார். அவ்வாண்டிலேயே பாரிஸில் கூடிய மின்னியலார் சக்தியின் அலகிற்கு இவர் பெயரைச் சூட்டினர். இவரது கல்லறையில் அந்த 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது.