அச்செழுத்துச் சிற்பி கௌடி

நாம் நாள்தோறும் நூல்களைப் படிக்கின்றோம். நூலாசிரியரைப் போற்றுகின்றோம். ஆனால், அவர் கருத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் அச்செழுத்துக்கு வடிவு வகுத்தவரை நினைப்பவர் மிகச் சிலரே. ஆங்கிலம் முதலிய மொழிகளுக்குரிய உரோம எழுத்துகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களை வகுத்துப் புகழ் பெற்றவர் பிரெடெரிக் கௌடி என்னும் அமெரிக்கர்.

அவர் 1865ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் பிறந்தார். இளமையில் கணக்கெழுதிப் பிழைத்தார். எனினும், அவர் உள்ளம் எழுத்தழகிலேயே தோய்ந்திருந்தது. 1896இல் தாம் வரைந்த எழுத்து வரிசை ஒன்றைப் பாஸ்டன் நகரத்து எழுத்து வார்ப்பகத்திற்கு அனுப்பி, ஐந்து டாலர் விலை கேட்டார். வார்ப்பகத்தாரோ பத்து டாலர் அனுப்பினர். தம் கைத்திறனில் அவருக்கு நம்பிக்கை பிறந்தது.

1903இல் சிகாகோவை அடுத்த பார்க் ரிட்ஜ் என்னும் ஊரில், நண்பர் ஒருவருடன் 'வில்லேஜ் பிரஸ்' என்னும் சிறிய அச்சகத்தை நிறுவினார். அவர் மனைவியார் பெர்த்தா அச்சுக் கோப்பதில் வல்லவர். கணவரின் பணியில் இறுதிவரை தோள் கொடுத்தார். பின்னர் அவ்வச்சகம் நியூயார்க்கு நகருக்குச் சென்றது. 1908இல் அங்கு மூண்ட பெருந்தீ அதனை அழித்தது. நாற்பது வயதைக் கடந்த கௌடி வெறுங்கையராய் நின்றார். ஆயினும் மனம் தளர்ந்தாரல்லர். 1911இல் அவர் வகுத்த 'கென்னர்லி' எழுத்தும், 1915இல் வகுத்த 'கௌடி ஓல்டு ஸ்டைல்' எழுத்தும் அவர் புகழைப் பரப்பின.

நூலெழுத்து படிப்பவர் கண்ணை உறுத்தலாகாது. விளம்பர எழுத்தோ தொலைவில் செல்வோரையும் அழைத்தல் வேண்டும். அக்காலத்தில் ஆஸ்வால்டு கூப்பர் வகுத்த தடித்த கரிய எழுத்தை விளம்பரத்தார் பெரிதும் விரும்பினர். அதற்கு இணையாக ஒன்றைச் செய்து தருமாறு மோனோடைப் நிறுவனத்தார் வேண்டினர். கௌடி 1925இல் 'ஹெவிஃபேஸ்' என்னும் எழுத்தை வகுத்தார். அது பருத்த உடலும், முனைகளில் சிறு குறுக்குக் கீற்றுகளும் உடையது. கோடு பருக்கப் பருக்க எழுத்தின் உள்வெளி சுருங்கும். வெளி அடைபட்டால் எழுத்து வெறும் கறையாகிவிடும். ஆதலால், கருமையை மட்டுமன்றி வெண்மையையும் அளந்து வரைபவனே நல்ல தடித்த எழுத்தை ஆக்க வல்லவன்.

அறுபது வயதை எட்டியபோது, எழுத்து வார்ப்பதற்குரிய வார்ப்பச்சுகளைத் தம் கையாலேயே வெட்டக் கற்றார். நியூயார்க்கு மாநிலத்து மார்ல்பரோவில் ஒரு பழைய ஆலையே அவர் தொழிற்கூடமாயிற்று. 1935இல் பெர்த்தா மறைந்தார். அத்துயர் ஆறுமுன், 1939இல் அவ்வாலையும் தீக்கிரையாயிற்று. பல்லாண்டு உழைப்பின் பயனான வரைபடங்களும் வார்ப்பச்சுகளும் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. முதுமையும் தனிமையும் இழப்பும் ஒருங்கே சூழ்ந்தும், அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். புதிய வடிவங்களை வரைந்தார். தம் எழுத்துகளின் வரலாற்றை 1946இல் நூலாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டில் இயற்கை எய்தினார்.

அவர் வகுத்த எழுத்துகள் இன்று கணினித் திரையிலும் விளங்குகின்றன. தீ கைப்பொருளை எரிக்கலாம். கைவந்த கலையை எரிக்க இயலாது. கௌடியின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.