தலையில் விழுந்த எடைக்கல்!

அமெரிக்காவில் மேரிலாந்து என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கு 1822-ம் ஆண்டு வாக்கில், ஓர் அடிமைக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் அரமிந்தா. பின்னாளில் உலகம் அறிந்த பெயர், ஹாரியட் டப்மன்.

மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய காலம் அது.

கடையில் நடந்த கொடுமை

அவருக்கு 12, 13 வயது இருக்கும். ஒரு நாள் கடைக்குப் போயிருந்தார். வேலையை விட்டு ஓடிவந்த ஓர் அடிமையைக் கங்காணி துரத்தி வந்தான். 2 ராத்தல் எடைக்கல்லை எடுத்து வீசினான். குறி தவறியது. சிறுமியின் மண்டை உடைந்தது.

வைத்தியம் இல்லை. காயம் ஆறுமுன் வயலுக்கு அனுப்பினார்கள்.

அன்று முதல் தீராத தலைவலி. பேசிக்கொண்டு இருக்கும்போதே தூங்கிவிடுவார். சற்று நேரத்தில் விழித்துக்கொள்வார். இது ஒருவகை வலிப்பாக இருக்கலாம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

வளரும் மூளை

வழி அறிவதும், கோலத்தை மனதில் பிடிப்பதும் மூளையின் வேலைதான். பிறக்கும்போதே வலப்பக்க மூளை பழுதுபட்ட குழந்தை வீடு வரைந்தால், கதவும் சன்னலும் தனித்தனியே சிதறிக் கிடக்கும். இடப்பக்கம் பழுதானால், வீட்டின் உருவம் வரும், நுணுக்கம் குறையும்.

ஆனால் வளரும் மூளைக்கு ஒரு சக்தி உண்டு. பழுதான பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். பயிற்சியால் குழந்தை தேறும். முழுவதும் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்ல முடியாது.

காடே பள்ளிக்கூடம்

ஹாரியட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தந்தையோடு மரம் வெட்டப் போய், காட்டையும் ஆற்றையும் கற்றார்.

1849-ல் தப்பினார். துருவ நட்சத்திரம்தான் துணை. ஏறக்குறைய 90 மைல்! விளாங்குடியில் இருந்து திருச்சிக்கு நடப்பது போல!

விடுதலை கிடைத்தும் அவர் சும்மா இருக்கவில்லை. சுமார் 13 தடவை திரும்பிச் சென்று, ஏறக்குறைய 70 பேரை மீட்டார். வழியில் தூக்க நோய் வந்துவிடும். உடன் வந்தவர்கள் காத்திருப்பார்கள். விழித்ததும் மீண்டும் நடப்பார்.

1863-ல், உள்நாட்டுப் போரின்போது, கம்பாகி ஆற்றில் ராணுவப் படகுகளுக்கு வழிகாட்டினார். 700-க்கும் அதிகமானோர் விடுதலை பெற்றனர்.

1913-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி காலமானார். தலைவலி கடைசிவரை அவரை விடவில்லை.

பெற்றோர்களே! பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டு, வாந்தி, மயக்கம், வலிப்பு வந்தால் தாமதிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கோபத்தில் தலையில் அடிக்காதீர்கள். அடிபட்ட பிள்ளை வழி தடுமாறினால், படம் கோணலானால், மக்கு என்று ஏசாதீர்கள். கையைப் பிடித்து, இன்னொரு முறை காட்டிக் கொடுங்கள்.