மாவீரர் ஹென்றி ஜான்சன்

அமெரிக்க நாட்டின் வட கரோலினாவில் எளிய கருப்பினக் குடும்பத்தில் தோன்றியவர் ஹென்றி ஜான்சன். ஆல்பனி நகர இரயில் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளியாக உழைத்து வந்த அவர், 1917 சூன் திங்களில் கருப்பினத்தவர்க்கென அமைந்த காலாட்படையில் சேர்ந்தார். வெள்ளையரோடு ஓரணியில் நிற்க இடமளிக்கப்பெறாத அப்படை, பிரெஞ்சுச் சேனையின் பொறுப்பில் விடப்பட்டது.

1918 மே 15 பின்னிரவில், ஆர்கான் காட்டோரம் காவல் நின்ற இருவரை ஜெர்மானியர் சூழ்ந்தனர். உடனிருந்த நீதம் ராபர்ட்ஸ் படுகாயமுற்று வீழ்ந்தார். ஜான்சன் கையெறி குண்டுகளை வீசினார். துப்பாக்கி பழுதுற்றதும் அதன் கட்டையால் அடித்தார். இறுதியில் வெட்டுக்கத்தி ஏந்திப் போரிட்டு, தோழரைப் பகைவர் இழுத்துச் செல்லாவண்ணம் மீட்டார். அவர் உடலில் 21 காயங்கள்!

பிரெஞ்சு அரசு போர்ச் சிலுவை அளித்துப் போற்றியது. தாய்நாடோ 1919-இல் ஊர்வலம் நடத்தி வரவேற்றதோடு அமைந்தது. அவர் வாழ்ந்தவரை வீரப்பதக்கம் ஏதும் வழங்கவில்லை. காயங்களால் உழைக்கும் வலிமை குன்றி, 1929-இல் வறுமையில் மறைந்தார். அந்நாட்டின் தலைசிறந்த வீரப்பதக்கம் 2015-இல்தான் அதிபர் ஒபாமாவால் அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது. செயலுக்கும் சிறப்புக்கும் இடையே 97 ஆண்டுகள் கழிந்தன.

பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து முறையிட்டோரால்தான் அதுவும் கிட்டியது. ஆவணத்தைத் தேடவும், படிக்கவும், எழுதவும் கல்வி வேண்டும். நம் முன்னோரின் உழைப்பையும் வீரத்தையும் எழுதி வைக்கும் கடமை, கற்ற நம் பிள்ளைகளுடையதே.