மழைக்குக் கணக்குப் போட்ட வாக்கர்

நம்ம திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்து நாளுக்கு ஒரு படி என்று சின்ன வயசிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். இப்படி நாள்தோறும், ஆண்டுதோறும் வரிசையாக வரும் எண்களைத்தான் 'காலத்தொடர்' என்கிறோம். புள்ளியியல் வகுப்பில் யூல்-வாக்கர் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிய நண்பர்களே, அந்த வாக்கர் நம் நாட்டில் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவர் தெரியுமா?

கில்பர்ட் வாக்கர் 1868-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் பிறந்தார். 1889-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். 1904-ல் இந்திய வானிலைத் துறைத் தலைவராக வந்தபோது வானிலை அவருக்குப் புதுசு. கையிலிருந்தது கணக்கு மட்டுமே. 1899-1900 பஞ்சத்தின் வடு ஆறாத காலம். அடுத்த பருவமழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் ஏது? குமாஸ்தாக்களை உட்கார வைத்து, உலகின் பல ஊர்களின் காற்றழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்கும் 'தெற்கு அலைவு' அப்படிக் கிடைத்ததே.

1913-ல் சென்னை வந்தவர் ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்து அசந்துபோய், பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

1924-ல் ஓய்வு. 1927-ல் யூல் காட்டிய வழியை 1931-ல் விரிவாக்கினார். விஷயம் எளிது: இன்றைய எண்ணில் ஒரு பங்கு நேற்றைய, முந்தாநாளைய எண்களின் மிச்சம், மீதி புது அதிர்ச்சி. 1980-ல் சிம்ஸ் இதே வகை மாதிரியைப் பல தொடர்களுக்குச் சேர்த்து, பணக்கொள்கை ஆய்வுக்குக் கொண்டுவந்தார். வட்டியை ஏற்றினால் விலைவாசி எப்போது, எவ்வளவு இறங்கும் என்று மத்திய வங்கிகள் இதையும் வைத்துப் பார்க்கின்றன.

ஆனால் இதற்கு அடியில் சில அனுமானங்கள் உண்டு. சராசரியும், ஏற்ற இறக்கத்தின் அளவும், நேற்றுக்கும் இன்றுக்கும் உள்ள உறவும் காலத்தால் மாறக்கூடாது. அதிர்ச்சிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். விலைக் குறியீட்டெண் ஏறிக்கொண்டே போவதால், அதை அப்படியே போடாமல் சதவீத மாற்றமாக்கிப் போடுகிறார்கள். அதுவும் எப்போதும் போதாது. 2020 கொரோனா மாதிரி ஒன்று வந்தால் பழைய உறவே ஆட்டம் காணும். வட்டி முடிவு தவறினால் வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கும் காய்கறி வாங்குகிறவருக்கும்தான் அடி.

வாக்கருக்கே இந்தப் பாடம் கிடைத்தது. நூறு உறவுகளைத் தேடி நல்லதை மட்டும் பொறுக்கினால் தற்செயல்கூட உண்மை போலத் தெரியும் என்று 1914-லேயே எச்சரித்து, அதற்கொரு சோதனையும் வகுத்தார். அப்படியும் அவர் கண்ட மழை உறவுகள் சில பின்னாளில் வலுவிழந்தன.

1958-ல் மறைந்தார். தம்பி தங்கைகளே, கம்ப்யூட்டர் நொடியில் விடை தரும். அனுமானம் சரிதானா என்று நாம்தான் கேட்க வேண்டும்!