ஈரோடு நாகம்மையார்

கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பள்ளியிற் கற்பிப்பவர் நம்முட் பலர். அதனைக் கள்ளுக்கடை வாயிலில் நின்று கற்பித்தவர் நாகம்மையார்.

அம்மையார் 1885-ஆம் ஆண்டிற் பிறந்து, 1898-இல் ஈ. வெ. இராமசாமி அவர்களை மணந்தார். விரதமும் கோயில் வழிபாடும் விருந்தோம்பலுமே அக்காலத்து அவர்தம் வாழ்க்கை. செல்வர் மனையில் வாழ்ந்த அவர் கடைத்தெருவில் நிற்க வேண்டிய நிர்ப்பந்தம் யாதுமில்லை.

1921-இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, ஈரோட்டிற் கள்ளுக்கடை மறியல் தொடங்கிற்று. இராமசாமி அவர்கள் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். மறியல் செய்து சிறையும் புகுந்தார். அதனோடு மறியல் ஓயுமென்று எண்ணியவர் ஏமாந்தனர். அம்மையாரும் கணவரின் சகோதரி கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிக் கடைகளின் முன் நின்றனர். பின்னர், மறியலை நிறுத்தும்படி வேண்டப்பட்ட காந்தியடிகள், அது தம் கையிலன்று, ஈரோட்டுப் பெண்மணிகள் இருவர் கையிலேயே உள்ளதென்று கூறினார் என்பர்.

1924-இல் வைக்கத்துத் தீண்டாமை எதிர்ப்பு அறப்போரிலும் அம்மையார் மகளிரோடு பங்குகொண்டார். 1933-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் காலமானார்.

பிற்காலத்தில் அவர் கணவரோடு சென்ற சுயமரியாதை நெறி சைவராகிய நமக்கு உடன்பாடன்று. அதுபற்றி அவர்தம் மதுவிலக்குத் தொண்டை மறத்தல் நன்றியாகாது. கள்ளின் கேட்டை முதலில் அறிவது வீட்டின் அடுப்பு. கள்ளுக்குப் போன கூலி உலைக்கு வருவதில்லை. ஆதலின் அதனை எதிர்க்கும் உரிமை முதற்கண் பெண்களுக்கே உரியது. பனையுந் தென்னையுஞ் செறிந்த நம் கடற்கரையூர்களில் ஆடவரை மாத்திரம் கூட்டி மதுவிலக்குப் பேசுதல் போதாது. ஆசிரியர்காள், மாணாக்கரின் தாய்மாரையும் அழைத்துப் பேசுவோமாக.