மண்ணைப் படித்த தளபதி

வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் பழம்பொருள்கள் கிடைப்பது முன்பே தெரிந்ததுதான். அவை எந்தக் காலத்தவை? விடை தேடி வந்தார் மார்ட்டிமர் வீலர். 1890-ல் பிரிட்டனில் பிறந்தவர், ராணுவத்தில் பிரிகேடியர், 1944-ல் இந்தியத் தொல்பொருள் துறைத் தலைவரானவர்.

1945-ல் தோண்டினார். தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாதே! ஆகவே, எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று உடனுக்குடன் குறிக்கச் செய்தார். இத்தாலிய மட்பாண்டத்தின் காலம் ஏற்கெனவே தெரியும். அதைக் கொண்டே அதனுடன் கிடந்த உள்ளூர்ப் பாண்டங்களின் காலத்தையும் கணித்தார். மறு ஆண்டே அறிக்கையும் வெளிவந்தது.

1976-ல் வீலர் மறைந்தார். பின்வந்தோர் அவர் கணிப்பைத் திருத்தினர். அரிக்கமேடு இன்னும் பழமையானது என்றனர். அதற்கும் அவர் குறிப்புகளே கைகொடுத்தன!

வீடு கட்டினாலும் கலியாணம் நடத்தினாலும் நோக்கத்தை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை அன்றன்றே எழுதிவையுங்கள். தவறு நேர்ந்தாலும் திருத்த வழியிருக்கும்.